கருவாட்டுச் சாக்கில் ஒரு சூரியன்

மேசையில் கணினித் திரை இருந்தது, பெட்டியைக் காணவில்லை.

ஸபீனா கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தபோது முன்னறையில் நான்கு சிப்பாய்கள் நின்றார்கள். அவர்களோடு வந்த அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னாலிருந்து வந்த வயர் எதிலும் செருகப்படாமல் மேசை விளிம்பில் தொங்கியது.

“பெட்டி எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அதைத்தான் ஸபீனாவும் அறிய விரும்பினாள். உடுப்புத் தோய்க்கப் போகும்போது பெட்டி அந்த மேசைக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. அதற்குள் ஒரு நட்சத்திரம் வயதாகிக்கொண்டிருந்தது.

“பழுதாப் போச்சு சேர். திருத்தக் குடுத்திரிக்கு,” என்று சிங்களத்திலேயே சொன்னான் அவளுடைய கணவன் மின்ஹாஜ். சொல்லிவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பதை அந்தப் பார்வையிலேயே புரிந்துகொண்டாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, கையில் அகப்பட்ட பொய்யைச் சொல்லியிருக்கிறான்.

அது 2019ஆம் ஆண்டு வைகாசி மாதம். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து நான்கு வாரம் ஆகியிருந்தது. பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் பாதையில், மன்னாரிலிருந்து வந்து குடியேறிய சனம் வாழும் அந்தக் குடியிருப்பில், வீடு வீடாகச் சோதனை நடந்தது. அறபு எழுத்து இருந்த புத்தகங்களைச் சிலர் கிணற்றில் போட்டார்கள். பக்கத்து ஒழுங்கைத் தையற்காரன் சுஹைரை, ‘ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்புகிறோம்’ என்று கூட்டிப் போய்ப் பதினொரு நாள். அவனுடைய தையல் மெசினில் பாதி தைத்த சட்டை இன்னும் ஊசிக்குக் கீழே அப்படியே கிடந்தது.

பின்வளவுக் கொட்டிலில் ஒரு சிப்பாய் இரும்புக் கம்பியால் கருவாட்டுச் சாக்குகளைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தான். முதல் சாக்கு, இரண்டாவது சாக்கு, மூன்றாவது. நான்காவதில் கம்பி ‘டங்’ என்றது.

சமையலறை வாசலில் நின்ற ஸபீனாவின் உம்மா அலீமா, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

கட்டா மீன் கருவாட்டுக்கு நடுவிலிருந்து பெட்டியைத் தூக்கி எடுத்தார்கள். செதிள் ஒட்டிய அதன் முதுகில் அதிகாரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடாக இருக்கிறதே. பழுதான பெட்டி சூடாக இருக்குமா?”

அவர் சாக்கைக் காலால் தள்ளினார்.

“யாருடைய சாக்கு?”

“என்ட சேர்,” என்றான் மின்ஹாஜ். கருவாட்டு வியாபாரி அவன்தானே. “நான்தான் ஒளிச்சன். பெஞ்சாதி நாள் முழுக்க இதுக்கு முன்னுக்குத்தான். என்னைத் திரும்பியும் பாக்கிறதில்ல. அந்தக் கோவம்.”

இரண்டு சிப்பாய்கள் சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “சற்றுமுன் திருத்தக் கொடுத்தது என்றாய்.”

கலியாணம் முடித்து ஐந்து மாதம்தான். தன் வீட்டை விட்டு மனைவி வீட்டுக்கு வந்து, மாமி சமைத்ததைக் குறை சொல்லாமல் தின்று, ஸபீனா பாதி இரவு திரைக்கு முன்னால் இருந்தாலும் முகம் சுளிக்காத மனிதன். இப்போது அவனுடைய கண் சாக்கிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து அவளுக்கும் ஓடியது. இன்னொரு பொய்யைத் தேடுகிறான். அதைச் சொன்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

“அது என்னுடையது,” என்று ஸபீனா சிங்களத்தில் சொன்னாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “நான் சயன்ஸ் டீச்சர். மேற்படிப்புப் படிக்கிறேன். அவருக்கு அதைத் திறக்கவே தெரியாது. ஒளித்தது என் உம்மா. பயத்தில் செய்துவிட்டார்.”

“ஒரு பெட்டிக்கு மூன்று கதை,” என்றார் அதிகாரி. “சரி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம்.”

கண்ணாடி போட்ட ஓர் இளம் கோப்ரல் பெட்டியை மேசையில் வைத்து வயர்களைச் செருகினான். அறை முழுக்கக் கருவாட்டு வாசம். திரையில் அவனுக்குப் பழக்கமான படங்கள் வரவில்லை. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் ஓடின. அவன் எதையோ தட்டித் தேடினான். பிறகு மெல்ல, “சேர், இதைப் பாருங்கள்,” என்றான்.

எக்ஸ்புளோஷன் என்ற சொல் முந்நூறு இடத்தில் இருந்தது. இக்னிஷன், ஃபியுவல், பேர்ன் என்ற சொற்கள் ஆயிரக்கணக்கில்.

ஸபீனா முன்னால் வந்தாள். “அது நட்சத்திரம் சேர். நட்சத்திரம் எப்படி எரியுது, எப்படி வயதாகுது எண்டு கணக்குப் பாக்கிற மென்பொருள்.” பாதி தமிழில் சொல்கிறாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. மின்ஹாஜ் அதைத் திருப்பிச் சிங்களத்தில் சொன்னான்.

“யார் தந்தது?”

“ஒருவரும் தரவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதி எல்லாருக்குமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், வாசிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம்.”

“என்ன விலை?”

“விலை இல்லை.”

“முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரன் உனக்கு ஏன் சும்மா தருகிறான்?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த அறையில், அந்த நேரத்தில் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கமான பதில் இல்லை. அவள் தயங்கினாள். அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது.

“இவனுடைய சாக்கில்தான் இருந்தது. வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்புகிறோம்,” என்றார் அதிகாரி.

அதே வார்த்தைகள். மின்ஹாஜ் செருப்பைத் தேடினான்; இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டினான், கழற்றினான், சரியாக மாட்டினான். “மாமி, நோம்பு திறக்கக் கஞ்சி காய்ச்சுங்க. வந்திருவன்,” என்று சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் இழுபட்டது.

பெட்டியையும் மின்ஹாஜையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு அலீமா தலையில் அடித்துக்கொண்டார். “தொண்ணூறுல இயக்கம் எங்கள மன்னாரால விரட்டக்குள்ள எல்லாத்தையும் அவுத்து அவுத்துப் பாத்தாங்க மகள். கடைசியா வள்ளம் ஏறுற கரையில நிண்டு குழந்தைட தொட்டிலையும் உதறினாங்க. கருவாட்டுப் பொட்டலத்தில மட்டும் ஒருத்தனும் கை வைக்கல்ல. என்ட தோடு ரெண்டும் அதுக்குள்ளதான் வந்திச்சு. அந்தப் புத்தியில செஞ்சிட்டன். திரைய மறந்து போனன்.”

“ஒளிக்க என்ன உம்மா இரிக்கு அதுல? உலகமே பாக்கிற மாதிரித் திறந்து கிடக்கிற சாமான்!”

“திறந்து கிடக்கிறது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? ராத்திரி ராத்திரியா கறுப்புத் திரையில என்னமோ ஓடுது. எனக்கே பயமா இரிக்கும்.”

ஸபீனாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. உம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கத்தவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தொங்கும் வயரைப் பார்த்தாள். சுஹைரின் பாதிச் சட்டை நினைவில் வந்தது. மின்ஹாஜ் மூன்றாவது பொய்யைச் சொல்லத் தொடங்குவதற்குள் எதையாவது செய்ய வேண்டும்.

திறந்து கிடக்கிற சாமான். தான் சொன்ன வார்த்தையிலேயே அவள் நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஓடவிடுவதற்கு முன் அவள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பொதுவில் வெளியிட்ட பிரதியையும் தன் பெட்டியில் உள்ள பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பாள். தான் எதை மாற்றினாள் என்று சொல்ல முடியாவிட்டால் கணக்கை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுடைய பேராசிரியரின் கண்டிப்பு. ஒப்பிட்டால் மாற்றிய வரிகள் மட்டும் திரையில் வரும். அந்தப் பொதுப் பிரதியை அவர்கள் கண்முன்னே கொண்டுபோய் வைத்தால்? ‘உலகம் முழுக்க இருக்கிறது இது, என்னுடையது இந்தச் சில வரிகள் மட்டும்’ என்று காட்டினால்?

சந்தியில் இணையம் பார்க்கப் போகிற யூஜீனியாவின் கொமியூனிகேஷன் கடை திறந்திருந்தது. வாசலில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடியை இன்னும் கழற்றவில்லை. அபாயா அங்கியோடு உள்ளே வந்த ஸபீனாவைக் கண்டதும் யூஜீனியா கதிரையிலிருந்து எழும்பி ஓரடி பின்னால் போனார்.

“பேக்க வெளியில வெச்சிட்டு வாங்க.”

“பேக் இல்ல அக்கா. இது மட்டும்தான்.” ஸபீனா கைப்பையைக் கவிழ்த்தாள். அடையாள அட்டை, பென் டிரைவ், இரண்டு நூறு ரூபாய்த் தாள், ஒரு ஊசிக்கூடு.

யூஜீனியா அந்த ஊசிக்கூட்டையும் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். “கோவிச்சுக்கொள்ளாதீங்க, டீச்சர். என்ட சின்னம்மாட பிள்ளை உயிர்த்த ஞாயிறண்டைக்குக் கோயிலுக்குப் போனது, திரும்பி வரல்ல. யாரைக் கண்டாலும் இப்ப நெஞ்சு பதறுது.”

“எனக்கும்தான் அக்கா. என்ட மனுஷனக் கொண்டு போயிட்டாங்க.”

யூஜீனியா மின்விசிறியைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார். “என்ன எடுக்கோணும்?”

இறக்க மூன்று மணித்தியாலம் என்று திரை சொன்னது. நோன்பு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நாற்பது வீதத்தில் இணைப்பு அறுந்தது. யூஜீனியா தன் கைபேசியிலிருந்து இணைப்புத் தந்தார். “எவ்வளவு பெரிய சாமான் டீச்சர் இது! படமா?”

“நட்சத்திரம் செய்யிற சாமான் அக்கா.”

“மெய்யாவே சும்மாவா குடுக்கிறாங்கள்?” என்று யூஜீனியாவும் கேட்டார். அந்தக் கேள்வி இந்த முறை ஸபீனாவை உறுத்தவில்லை; பயமுறுத்தியது. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான்.

மின்ஹாஜை வைத்திருந்த இராணுவ முகாமின் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றாள். கதவுக்கு அப்பால் யார் இருமினாலும் மின்ஹாஜோ என்று காது போனது. கடைசியில் கண்ணாடிக் கோப்ரல் வெளியே வந்தான். அவள் பென் டிரைவை நீட்டி, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தது போல் சொன்னாள். “இது பொதுப் பிரதி. நம்பாவிட்டால் நீங்களே இறக்கிப் பாருங்கள். இதையும் என் பெட்டியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். ஒரேயொரு கட்டளைதான். மாறியிருப்பது நாலு கோப்பு. நாலையும் வரிக்கு வரி நான் விளக்குகிறேன்.”

அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து கூப்பிட்டான்.

அதிகாரியின் அறையில் பெட்டி இருந்தது. மின்ஹாஜ் இல்லை. கோப்ரல் கட்டளையைத் தட்டினான். திரை வெகுநேரம் வெறுமையாகவே இருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள், எல்லாம் ஒன்றுபோலவே. அந்த வெறுமைதான் தன் சாட்சி என்று ஸபீனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வரிகள் வந்தன. ஒன்று, நட்சத்திரத்தின் எடை. இரண்டு, எவ்வளவு சிறிய அடியாகக் காலத்தை நகர்த்துவது. மூன்று, எப்போது நிறுத்துவது. நான்கு, எதை எழுதி வைப்பது. அவள் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். “சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்துக்கு வயது போனதும் அதன் நடுப்பகுதி ஒருநாள் சட்டென்று பற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைத்தான் நான் படிக்கிறேன்.” கோப்ரல் தலையாட்டினான். அதிகாரியும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு மூச்சு வந்தது.

“ஐந்தாவது ஒன்று இருக்கிறதே,” என்றான் கோப்ரல்.

அவள் குனிந்து பார்த்தாள். பொதுப் பிரதியில் இல்லாத ஒரு கோப்பு. பத்து நாளுக்கு முந்திய திகதி. ஆங்கில எழுத்தில் அதன் பெயர்: மின்ஹாஜ்.

அறை ஒரு சுற்றுச் சுற்றியது போல் இருந்தது.

“அவனுக்குத் திறக்கவே தெரியாது என்றாய்,” என்றார் அதிகாரி. குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“எனக்கு... எனக்கு இது தெரியாது சேர்.”

“நாலைத்தான் மாற்றினேன் என்றாய். காலையில் மூன்று கதை. இப்போது இது.” அவர் வாசலைப் பார்த்து, “அவனைக் கொண்டு வா,” என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் ஸபீனா தன் கணவனைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பார்த்தாள். கட்டாவின் உப்புப் பதம் பார்க்கத் தெரியும். சிங்களம் பேசுவான். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. அவள் திங்கட்கிழமைகளில் மாலை வகுப்பு எடுக்கப் போனால் வீட்டில் இருப்பான். அந்த நேரத்தில் என்ன செய்வான்? அவள் ஒருநாளும் கேட்டதில்லை. யாரென்றே தெரியாத ஒருவரோடு ஐந்து மாதம் வாழ்ந்துவிட்டேனா? அப்படி நினைத்ததற்காக உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த நினைப்புப் போகவில்லை.

மின்ஹாஜைக் கொண்டு வந்தார்கள். அடித்த மாதிரித் தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையில் தன் பெயரைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஸபீனாவுக்கு உள்ளே எதுவோ உடைந்தது. குற்றம் செய்தவனின் முகமேதான்.

“இது என்ன?”

அவன் அதிகாரியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

“சொல்லுங்களேன்!” என்று அவள் தமிழில் வெடித்தாள். “என்னங்க செஞ்சீங்க அதுல?”

“நீ ஏசுவாய் எண்டு சொல்லல்ல.”

“இப்ப சொல்லுங்க!”

“நானும் ஒண்டு செஞ்சு பாத்தன்.”

“என்னத்த?”

“நட்சத்திரம்,” என்றான், காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு. “நீ செய்யிற மாதிரி. உன்ட கோப்பப் பாத்துப் பாத்து எழுதி, எடைய மட்டும் மாத்தினன். அது ஓடல்ல. ரெண்டு செக்கன்ல நிண்டு போச்சு. உன்ட சாமானப் பழுதாக்கிட்டனாக்கும் எண்டு பயந்து அப்படியே விட்டிட்டன்.”

கோப்ரல் அந்தக் கோப்பைத் திறந்தான். ஸபீனா எடை எழுதியிருந்த வரியை வாசித்தாள். ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள்.

“அறுநூத்தி அம்பது?”

“ஓம்.”

“என்ன அறுநூத்தி அம்பது?”

“கிலோ,” என்றான் மின்ஹாஜ். “ஒரு நட்சத்திரம் எண்டா குறைஞ்சது என்ட சின்ன லொறிச் சரக்காவது வராதா எண்டுதான்...”

“அல்லாவே! அது கிலோ இல்லங்க. அது சூரியன் கணக்கு! ஒண்டு எண்டு போட்டா ஒரு சூரியன். நீங்க அறுநூத்தி அம்பது சூரியன ஒண்டாக் கட்டி வெச்சிரிக்கீங்க. அது ஓடுமா? யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“உன்னைத்தான் கேக்கோணும். நீ எப்ப திரும்பிப் பாத்தாய்?”

“கேட்டாத்தானே பாக்கிறதுக்கு!”

தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்ரலுக்கு அந்தத் தமிழில் முக்கால்வாசி விளங்கியிருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான், அவன் தோள்கள் குலுங்கின. “என்ன சொல்கிறார்கள்?” என்று அதிகாரி கேட்டார். கோப்ரல் சொன்னான். கிலோ என்ற இடத்தில் அவனால் முடியவில்லை.

அதிகாரி உடனே சிரிக்கவில்லை. “ஓடவிட்டுக் காட்டு,” என்றார். ஸபீனா கட்டளையைத் தட்டினாள். மின்ஹாஜின் நட்சத்திரம் பிறந்து, மூன்று வரி எண்களைக் கக்கி, நின்றது. அதிகாரி திரையைப் பார்த்தார், மின்ஹாஜின் தலைகுனிந்த முகத்தைப் பார்த்தார், கடைசியில் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் அன்று காலையிலிருந்து எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ.

“காலையில் மூன்று பேரும் எனக்குப் பொய் சொன்னீர்கள்,” என்றார்.

“நான் சொன்னது உண்மை சேர்,” என்றாள் ஸபீனா. “எனக்குத் தெரிந்த அளவு உண்மை.”

அவர் ஒரு தாளை இழுத்து எழுதினார். மின்ஹாஜ் போகலாம். சனிக்கிழமைகளில் வந்து கையெழுத்திட வேண்டும். பெட்டி கொழும்புக்குப் போகும். அங்கே பார்த்த பிறகு தருவார்கள். எப்போது என்று அவர் சொல்லவில்லை. ஸபீனாவும் கேட்கவில்லை.

கடைசி பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருந்தார்கள். உப்பளங்களுக்கு மேல் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மின்ஹாஜ் இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தான். அவள் ஒரு கையை வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அஞ்சு நிமிஷம் உங்களச் சந்தேகப்பட்டன்,” என்றாள். சொல்லாமல் இருந்தால் அது வீட்டுக்குள்ளும் கூடவே வரும் போலிருந்தது.

அவன் யன்னல் பக்கம் திரும்பினான். “அதுக்குள்ள இருந்தா நானே என்னைச் சந்தேகப்படுவன் புள்ள. ஒரே கேள்விய பத்துத் தரம் கேட்டாங்க. கடைசில எனக்கே தெரியல்ல, நான் என்ன ஒளிச்சன் எண்டு.”

“இனி என்ட கோப்பத் தொடுறதெண்டா என்னைக் கேட்டுத் தொடுங்க.”

“பெட்டிய குடுத்தாத்தானே.”

“குடுக்காட்டி இன்னொண்டு பாப்பம். மென்பொருள் எங்கயும் போகாது. ஒன்பது நாள்தான் போச்சு.”

“ஒரு சூரியன் போட்டா ஒன்பது நாளா?”

“ஓம்.”

அவன் எதையோ கணக்குப் பார்ப்பவன் போல் உதட்டை அசைத்தான். அதற்குள் பஸ் வேகம் குறைந்தது. முன்னால் சோதனைச் சாவடியின் மணல் மூட்டைகளும் ஒரு சிவப்புப் பலகையும் தெரிந்தன. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையோடு நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை.

ஸபீனாவின் வரிசை சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் பஸ்ஸில் ஏறவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள், கொண்டக்டர் ஏசினான். அவள் படியின் கம்பியைப் பிடித்தபடி தரையிலேயே நின்றாள். அங்கே ஒரு சிப்பாய் மின்ஹாஜின் அட்டையை வாங்கி, முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

அட்டை திரும்பி வந்தது. மின்ஹாஜ் நடக்கத் தொடங்கினான். பதினைந்து அடி இருக்கும். ஓடாமல், திரும்பிப் பாராமல், ஒவ்வோர் அடியாக அவன் வந்து சேரும்வரை அவள் எண்ணிக்கொண்டு நின்றாள்.